பின்கதவுக்கு ஒரு சுவிட்ச்

வெட்டூர்ணிமடம் வளைவில்
பலாமரத்துக்குக் கீழே என் கடை.
ஹாரன், வைப்பர் மோட்டார், ரிவர்ஸ் பாட்டு,
எது செத்தாலும் உயிர் கொடுக்கப்படும் என்று
பலகையில் எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டே
ஆம்னியை உள்ளே ஏற்றினார் ஜெபமோனி.
ஆசாரிப்பள்ளம் பிணவறை வாசலில்
மூன்றாவதாக நிற்குமே,
அந்த வெள்ளை வண்டி.

மடியில் அட்டைப்பெட்டி.
அபுதாபி மச்சினன் கொண்டுவந்தது.
'சேட்டிலைட்டு ரேடியோ ஓய்.
களியக்காவிளை தாண்டினா எஃப்எம் மலையாளம் பேசும்,
பேச்சிப்பாறை பக்கம் போனா ஒண்ணுமே பேசாது.
போவும்போ எனக்கு ஒண்ணும் வேண்டாம்.
திரும்பி வரும்போ
வண்டி வெறுமன இருக்கும் பாத்தீரா,
அப்பதான் ஒரு ஆளு வேணும்.'

மஞ்சள் பேட்டரிக்கு, சிவப்பு சாவிக்கு,
கறுப்பு பாடிக்கு.
பாடி என்றால் வண்டியின் தகரம்.
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
அவர் பீடியைத் தேடிக்கொண்டிருந்தார்.

பெயின்ட்டைச் சுரண்டி
பளபளவென்று இரும்பு தெரிந்தபின்தான்
கறுப்பை முறுக்க வேண்டும்.
இல்லாவிட்டால் இஞ்சினின் முனகல்
பாட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஆண்டெனா ஒரு சின்னக் கருப்பட்டி அளவு,
அடியில் காந்தம்.
சிவப்பு விளக்குக்குப் பின்னால் காட்டியதும்
டக்கென்று கவ்விக்கொண்டது.
அதன் வயர் பின்கதவு ரப்பரில் நுழைந்து
தரைவிரிப்புக்கு அடியில் முன்னால் வர வேண்டும்.

விரிப்பைத் தூக்கினேன்.
சருகான செவ்வந்தி இதழ்கள், ஊதுபத்திச் சாம்பல்,
ஒரு கொண்டை ஊசி,
இரண்டு ரூபாய்த் துட்டு,
காது மெஷினில் போடுகிற பொத்தான் பேட்டரி ஒன்று.
பிரஷ்ஷை எடுத்தேன்.
'தூக்காண்டாம் ஓய். அங்ஙன கிடக்கட்டும்.
கேட்டு ஆரும் வரல்ல.
வந்தா?'

வயரை
கொண்டை ஊசியைச் சுற்றி வளைத்துக் கொண்டுபோனேன்.
அரை மீட்டர் கூடுதலாயிற்று.
பில்லில் சேர்க்கவில்லை.

சாவியைத் திருப்பினோம்.
தேடுவதாகச் சொன்னது திரை.
கால் மணி நேரம் தேடியது.
மேலே பலா இலை, இலைக்கு மேல் இலை.
அந்தச் சாமான்
கிழக்கே கடலுக்கு மேலே
முப்பத்தாறாயிரம் கிலோமீட்டரில் நிற்கிறதாம்.
அவ்வளவு தூரம் வந்த சத்தம்
இலையில் தடுக்கி விழுகிறது.

புத்தேரிக் குளத்தங்கரைக்கு ஓட்டினோம்.
வானம் திறந்தது. ஒரு கோடு, இரண்டு.
நாலாவது கோடு ஏறியதும்
தெரியாத பாஷையில் ஒரு பெண்
நிதானமாக எதையோ வாசித்தாள்.
மழையோ, மிளகு விலையோ.
கைலியை ஒதுக்கிக்கொண்டு வரப்பில் குந்திக் கேட்டார் ஜெபமோனி.
'நமக்குத் தெரிஞ்ச ஆருக்க காரியமும் இல்ல.
இது போதும்.'

பணம் எண்ணும்போதுதான் கேட்டார்:
'பின்கதவு திறந்தா இது தானா நிக்கணும்.
நான் ஆஃப் பண்ண மறந்துட்டா?
அழுதுட்டு நிக்குற ஆளுவ முன்னால
இது சிரிச்சிரப்பிடாது.'

ஃபிரிட்ஜில் விளக்கு எரிகிற அதே சுவிட்ச்தான்.
திருப்பிப் போட்டால் அணையும்.
ஒரு ரிலே, இருபது நிமிட வேலை.
கதவைத் திறந்தேன், நின்றாள்.
மூடினேன்,
விட்ட இடத்திலிருந்து இல்லை,
வேறெங்கோ போயிருந்தாள்.
நாங்கள் கேட்காதபோதும்
பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

ஆனி மழையில் வைப்பர் பிளேடு மாற்ற வந்தவர்
தானாகவே சொன்னார்.
திற்பரப்பில் ஒரு கேஸை இறக்கிவிட்டு
குலசேகரம் வழியாகத் திரும்பும்போது
பேச்சு பொத்தென்று நின்றுவிட்டதாம்.
கண்ணாடியில் பார்த்தால் பின்கதவு பூட்டியே இருக்கிறது.
'ரெண்டு பக்கமும் ரப்பர் மரம் ஓய்.
மரம்தான். எனக்குத் தெரியும்.'

கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தார்.

'இருந்தாலும் வண்டிய ஓரங்கட்டி,
எறங்கிப் போயி,
திறந்து பாத்துட்டுதான் வந்தேன்.'

இடது பக்க பிளேடுதான் ரொம்பத் தேய்ந்திருந்தது.