ஒன்றே கால் அங்குலம்

லட்லோ நகரத்து ஏல அறையில்
வியாழக்கிழமைகளில் விலை சொல்கிறவன் நான்.
மூரியல் ப்ரோசர் கொண்டுவந்தாள்,
கான்வாஸ் உறையில், மழையோடு,
பக்கம்பக்கமாய்க் குழல்கள் படுத்த
பர்மிங்ஹாம் துப்பாக்கி ஒன்று.
வயது தொண்ணூற்றெட்டு.

கார் என்றால் ஷோரூம் வாசலைத் தாண்டும்போதே
காசு உதிர ஆரம்பித்துவிடும்.
இதுவும் சரியும், முதல் இருபது வருடம்.
பிறகு ஓரிடத்தில் உட்கார்ந்துகொள்ளும்,
பந்தியில் முதல் இலை பிடித்த சம்பந்தி போல.
யார் சொன்னாலும் எழுந்திருக்காது.

குழலை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
உள்ளே வட்டவட்டமாய் வெளிச்சம், குலையாமல்.
சுவரின் கனம் அளந்தேன்:
அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் இருபத்துநான்கு.
இருபதுக்குக் கீழே போனால்
கணப்படுப்பின் மேலே மாட்டத்தான் ஆகும்.
கீலில் ஆட்டமில்லை.
செதுக்கிய இலைகளின் நரம்புகூட இருக்கிறது;
எந்த அவசரக்காரனும் பாலீஷ் போடவில்லை.

மனதுக்குள் இரண்டாயிரம் பவுண்டு வரை ஏறினேன்.
கட்டையைத் தோளில் வைத்தேன்.
இறங்கினேன்.

"வெட்டியிருக்கிறீர்கள்."
"ஆமாம். ஒன்றே கால் அங்குலம்.
ஐவர் வெட்டினான், சமையல் மேசையில் வைத்து,
கல்யாணமான மாதம்.
என் கை குட்டை. அவன் கை ஏணி.
அதற்கப்புறம் அவன் இதைத் தொடவில்லை.
நாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவான்."

எண்ணூறு குறையும் என்றேன்.
வாங்க வருகிறவர்கள் நெட்டையர்கள்;
போதாததற்கு, ஈயக் குண்டுக்குத் தடை என்கிறார்கள்,
எஃகுக் குண்டை இந்தக் கிழக் குழல் தாங்காது.

அவள் வாதாடவில்லை.
கைப்பையைத் திறந்தாள்.
சாவி, இருமல் மிட்டாய், நாய் பிஸ்கட்,
கைக்குட்டையில் சுற்றிய வால்நட் வில்லை.
வெட்டிய இடத்தில் வைத்துப் பார்த்தேன்:
கரும்பழுப்பு ரேகை ஒன்று
மதகுக்கு அடியில் புகுந்து வெளிவரும் வாய்க்காலாய்
அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது.

ஒட்டலாம். கோடு தெரியும்.
ஒட்டினால் இருநூறு ஏறும்,
ஒட்டுகிறவன் நூற்றெண்பது கேட்பான்.
சொன்னேன். சிரித்தாள்.

படிவத்தில் எழுதினேன்:
ஆயிரத்து இருநூறு. கட்டை குட்டை. மற்றபடி அசல்.
வில்லையை எந்த வரியில் எழுதுவதென்று
நிமிர்ந்து கேட்பதற்குள்
அது கைக்குட்டைக்குள் போயிருந்தது.

அடுத்தவர் வந்தார்.
மேலும் கீழுமாய்க் குழல் வைத்த இத்தாலியச் சரக்கு,
ஐந்தே வருடம், பெட்டியில் ரசீதுகூட இருக்கிறது.
போட்டதில் பாதி வந்தாலே பெரிது.
எப்படிச் சொல்வது என்று
பேனாவை மூடி, திறந்து, மூடினேன்.