முத்தை ஓது

ராத்திரி கடை கட்டும்போது
அந்தம்மாவுக்கென்று ஒரு வாளி தனியாக நிற்கும்.
கோழி முட்டை ஓடு ஒரு பையில்,
வாத்து முட்டை ஓடு ஒரு பையில்.
கலந்துவிட்டால் கோபம் வரும்.
"கமாலு, இந்த முத்தை ஓது வேற, அந்த முத்தை ஓது வேற."
டகரம் அதன் நாக்கில் ஏறவே இல்லை
காரைக்காலில் முப்பது வருஷமாகியும்.
என்னைப் பார்த்து ஓது, ஓது என்று சொன்னவர்கள்
ரெண்டே பேர்.
ஒருவர் என் வாப்பா.

பேர் லான். சைகோன்.
புருஷன் ஸ்தனிஸ்லாஸ், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்சன்காரர்,
கப்பலில் கொண்டுவந்து இறக்கியது
ஒரு பெண்சாதி, ஒரு தையல் மிஷின்,
தகர டின்னில் கறுப்புப் பிசின்.
இரண்டாம் வருஷம் அவர் போய்ச் சேர்ந்தார்.
மூன்றாம் வருஷம் பிசின் தீர்ந்தது.
எதற்கு அதிகம் அழுதது என்று
தெருவில் ரெண்டு கட்சி உண்டு.

அப்புறம் முந்திரிக்கொட்டை எண்ணெய்,
வேதாரண்யம் லாரியில் வரும்.
தொட்டால் தோல் உரியும்.
கை முழுக்கக் கொப்புளத்தோடு கடைக்கு வந்து
"எங்க ஊர் மரமும் இப்பதித்தான் கமாலு! சொந்தக்காரன்!"
என்று காட்டியது,
கல்யாணத்துக்கு மருதாணி வைத்த கை மாதிரி.

ஐப்பசியில் எங்கள் பக்கம் எதுவும் காயாது.
கைலி காயாது. கருவாடு காயாது.
குறுவை நெல் ரோட்டிலேயே முளை விடும்.
அந்தம்மா பலகை மட்டும் காயும்.
ஈரம் பட்டால்தான் இறுகுமாம் அந்த எண்ணெய்.
சித்திரை வெயிலில் சும்மா படுத்திருக்கும்,
அடைமழை பிடித்தால் தூங்காது.

ஒரு தடவை வாளி கொடுக்கப் போய் நின்று பார்த்தேன்.
கறுப்பின்மேல் ஓட்டை வைத்துக்
கட்டைவிரலால் ஒரு அமுக்கு.
நொறுங்கின விரிசல்தான் வேண்டுமாம்.
அதன்மேல் சிவப்பு, ரெண்டு நாள்.
அதன்மேல் கறுப்பு, நாலு நாள்.
பன்னிரண்டு பூச்சு பூசிவிட்டுத்
தண்ணீர் ஊற்றிக் கரித்துண்டால் தேய்த்தது,
பூசியதையெல்லாம்.
எனக்கு வயிறு எரிந்தது,
மைதாவைக் காசு கொடுத்து வாங்குகிறவன்.
உள்ளங்கையால் சேற்றை வழித்ததும்
சிவப்புக்குள்ளிருந்து ஒரு வெள்ளை.
"வந்துத்தான்" என்றது,
பஸ்ஸில் ஆள் இறங்கியது போல.

புதுச்சேரியில் படங்களை மாட்டினார்கள்.
முட்டை சப்ளை உரிமையில் நானும் போனேன்.
தாடிக்காரர் ஒருவர் சொன்னார்:
இது யுத்தம், வெள்ளையெல்லாம் எலும்பு.
பருத்திச் சேலை கட்டின அம்மா சொன்னார்கள்:
இல்லை, காவிரி கடலில் விழுகிற நுரை.
படத்துக்குக் கீழே எழுதியிருந்தது: பெயரில்லை.
நான் கிட்டே போய்ப் பார்த்தேன்.
நோன்புப் பெருநாள் ராத்திரி அது.
நானூறு முட்டை, கொத்துப் பரோட்டா.
ஓரத்துப் பழுப்பு, கல்லில் தீய்ந்தது,
அன்றைக்குக் கல்லில் நின்றவன் என் மச்சான்.
இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.
அந்தம்மா மூலையில் நின்று என்னைப் பார்த்து
வாயைப் பொத்திக்கொண்டது.

அரசலாறு உடைத்துக்கொண்ட வருஷம்
லாரி டியூபில் ஆளேற்றி வந்தோம்.
அந்த வீட்டுக்குள் இடுப்பளவு.
சேலை, பென்சன் காகிதம், ஸ்தனிஸ்லாஸ் போட்டோ
எல்லாம் கூழ்.
பலகைகள் மிதந்தன,
சில குப்புற, சில மல்லாக்க,
மேலே விழுந்த மழையை உருட்டித் தள்ளிக்கொண்டு.
மேஜைமேல் சம்மணமிட்டு
மடியில் ஒரு பலகையோடு தேய்த்துக்கொண்டிருந்தது.
"ஏறுங்கம்மா."
"இரு. தண்ணி தூக்க வேணாம் பார், வீட்டுக்கே வந்துருக்கு."
டியூபைப் பிடித்தபடி நின்றோம்.
கொஞ்சம் கழித்துத் தலை நிமிராமல் கேட்டது:
"ஓது?"
கடை மூடி மூணு நாள் என்றேன்.
"ஓ" என்று சொல்லிக்
கரித்துண்டைக் கழுவக் குனிந்தது.