ஏழு மணிக்குள்

ஏழு மணிக்குள் திருப்பித் தர வேண்டும்.
தாண்டினால் இன்னொரு நாள் வாடகை.
சித்தூர் பஸ் ஸ்டாண்ட் ரிஸ்வான் பாய்
சிரித்துக்கொண்டேதான் வாங்குவார்.

பாலாற்று மணலில் துண்டை விரித்து
இரண்டு ரெக்கார்டரையும் அருகருகே வைத்திருக்கிறேன்.

என்னுடையது ஒன்பது வருஷப் பழசு.
மூடி உடைந்து ரப்பர் பேண்டில் நிற்கிறது.
நாலு பென்சில் பேட்டரி போட்டால்
விரிஞ்சிபுரம் போய்த் திரும்பும்வரை தாங்கும்,
நின்றுபோனாலும்
அதன் உயிர் எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும்.
வாடகைக்கு வந்தது உள்ளங்கை அகலம்.
சார்ஜ் தீர்ந்தால் செங்கல்.

ஆனால் நேற்று காட்பாடி பிளாட்பாரத்தில்
நிற்காத சரக்கு ரயில் ஹாரன் அடித்தபோது
என்னுடையதற்குத் தலை போயிற்று,
அலையின் உச்சியெல்லாம் மழித்த மாதிரி.
புதியது அசரவில்லை.
ஹாரனும் முழுசாக இருந்தது,
டீக்காரர் சில்லறை எண்ணியதும் இருந்தது,
ஒன்றை ஒன்று மிதிக்காமல்.

அதற்காக ஒரேயடியாகப் புகழ முடியாது.
பிடித்த விரல் கொஞ்சம் நகர்ந்தால் உடம்பெல்லாம் கூச்சல்.
ரோமத் தொப்பி மாட்டியும்
பாலத்தடிக் காற்றில் மூக்கை உறிஞ்சியது.
மெனுவுக்குள் மெனு; வெயிலில் திரை கண்ணாடி, என் முகம்தான் தெரிகிறது.
பழசில் ஒரே சிவப்புப் பொத்தான்.
இருட்டிலும் கட்டைவிரலுக்கு வழி தெரியும்.

ஐந்தரைக்குக் காற்று விழுந்தது.
பாலத்தில் வண்டியே வராத ஒரு நிமிஷம்,
எப்போதாவது வாய்ப்பது.
இரண்டையும் சேர்த்து அழுத்தினேன்.

ஹெட்போனில் முதலில் பழையது.
தண்ணீர்.
தூரத்தில், மெலிசாக,
மணலுக்கடியில் போவது போல, விடாமல்.

எழுந்து நின்றே பார்த்துவிட்டேன்.
லாரித் தடம். சீமைக்கருவேலம்.
கறுத்த ஒரு கால்வாய், அதுவும் நகரவில்லை.

பிறகு புதியது.
என் மூச்சு. சருகு ஒன்று புரண்டது.
அப்புறம்
ஆற்றின் அகலத்துக்கு ஒன்றுமில்லை.

பழையதின் சொந்த இரைச்சல்தான் அது, தெரியும்.
ஒன்பது வருஷமாகத் திட்டித் திட்டிக்
கணினியில் வழித்து எறிந்தது.

குணவதி தன் படத்துக்குக் கேட்டது
'வறண்ட ஆறு, ஒரு நிமிஷம், சுத்தமா.'
சுத்தமாக இருக்கிறது, புதியதில்.
அவளுக்கு அதைத்தான் அனுப்புவேன்.
தவணை கிடைத்தால் அதையே வாங்குவேன்.

ஆறு ஐம்பது.
ரிஸ்வான் பாய் இரண்டு தரம் கூப்பிட்டுவிட்டார்.
புதியதை உறையில் போட்டாயிற்று.
சிவப்புப் பொத்தான்மேல் கட்டைவிரல்.
காதில்
ஓடிக்கொண்டிருக்கிறது.