மூன்றாம் கை

ஆடெனாவைத் தாண்டி மேலே ஏறினால்
மூடுபனிக்குள் ஒரு கம்பிவேலி.
அக்டோபர், புதன்கிழமை, காலை எட்டேகால்.
வேலியைப் பிடித்தபடி ஒன்பது பேர் நிற்கிறோம்.
பந்தயம் எதுவும் இல்லை இன்றைக்கு.
அடுத்த வருடம் கடைக்கு வரப்போகும் ஒரு செடான்
கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டிய தோலோடு
இந்த வளைவில் சோதனைக்கு வருமென்று
யாரோ யாருக்கோ சொல்லியிருக்கிறார்கள்.

ஹோல்கர் ஏணி கொண்டுவந்திருக்கிறான்,
ஏணிக்கு ஒரு பூட்டும்.
ஆறு சிலிண்டர் என்கிறான். ஒன்று குறைந்தாலும்
முன்பணத்தைத் திருப்பிக் கேட்பானாம்.
(முன்பணம் இன்னும் கட்டவில்லை.)

ஆனெக்ரெட், பான் நகரத்துத் தாதி,
இரவுப்பணி முடித்து நேரே வந்தவள்.
அவளுக்கு வேண்டியது ஒரு கிளட்ச்.
"இடது காலுக்கும் ஏதாவது வேலை கொடுங்களேன்.
என்ன பாவம் செய்தது அது?"

லீஜிலிருந்து வந்த பாஸ்காலுக்கு முகம்தான் கவலை.
போன மாடலின் முன்வாயைப் பார்த்து
அவன் மகன் வீறிட்டு அழுதானாம்.
கையுறையோடு திருகக்கூடிய குமிழ்கள் வேண்டும்
என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.
அதற்கு மட்டும் ஒன்பது தலையும் ஆடின.

ஒரே மங்கல் படம் எல்லோர் கைப்பேசியிலும்.
விரல்களால் அகட்டி, அகட்டி,
பிறக்காத பிள்ளைக்கு
ஜாதகம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உனக்கு என்ன வேணும், யெயரூபன்?"
ஜெயரூபன் என்று திருத்துவதை
நான் நிறுத்திப் பல வருடமாகிறது.
"நாலு கதவு" என்றேன்.
சிரித்தார்கள். செடானுக்கு நாலு கதவுதானே.
பின்னால் இரண்டு பிள்ளை இருக்கை,
நடுவில் ஒரு பத்துக்கிலோ அரிசிப்பை,
கூரை அங்கே தலையில் இடிக்கக்கூடாது.
இது வதனி போட்ட நிபந்தனை;
இதை மொழிபெயர்க்க எனக்குத் தெம்பில்லை.

அப்போது வந்தது.

எஞ்சின் சத்தம் இல்லை.
மணியின் நாவைக் கட்டிவிட்ட தேர்போல
ஈரத் தாரில் டயர் மட்டும் கிழிபட,
பின்பக்கம் ஒரு சாண் வழுக்கி, நிமிர்ந்து,
பனிக்குள் போய்விட்டது.
ஹோல்கர் ஏணியிலிருந்து இறங்கவில்லை.
"மஞ்சள் ஸ்டிக்கர் இருந்ததா?"
இருந்தது என்றார்கள் நாலு பேர்.
சேறு என்றாள் ஆனெக்ரெட்.
என் கேமராவில் வேலிக்கம்பி
மிகத் துல்லியமாக விழுந்திருந்தது.

பதினொரு மணிக்கு என் டீசல் வேனுக்கு
எண்ணெய் போட நின்றேன்.
பக்கத்துப் பம்பில் அது.
சுழிகள் எல்லாம் சேறு, டாஷ்போர்டின் மேல் கறுப்புத் துணி.
பெட்ரோல் குழாய் உள்ளே போயிருந்தது,
அறுபத்தொரு லிட்டர். எண்ணிக்கொண்டேன்.
ஓட்டுநர் பன்னைக் கடித்தபடி என்னைப் பார்த்தார்.
ஒரே ஒரு கேள்விதான் கேட்கலாம் என்று தோன்றியது.
"எப்படி இருக்கு?"
"சீட் நல்லாச் சுடும்" என்றார்.

வேலிக்குத் திரும்பிச் சொன்னேன்.
அறுபத்தொன்றா, அப்படியென்றால் ஆறு சிலிண்டர்தான்
என்று ஹோல்கர் ஏணியைத் தட்டினான்.
சீட் சூட்டை வைத்துக்கொண்டு
கிளட்ச் உண்டு என்று எப்படி முடிவுகட்டினாளோ,
ஆனெக்ரெட் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

கோப்ளென்ஸுக்கு இறங்கும் வழியில்
கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
புதிதாக வாங்கப்போகிறவன் இல்லை நான்.
ஒன்பது வருடம் கழித்து, மூன்றாம் கையாக,
ஒரு பக்கம் கீறலோடு, பேரம் பேசி.
அதற்குள் என் பிள்ளைகளுக்கு
இருக்கை தேவைப்படாது.

அதனால், ஹாம்பர்கிலோ ஊல்மிலோ
இதை முதலில் வாங்கப்போகிற பெயர் தெரியாத துரையே,
குளிர்ந்த எஞ்சினை விரட்டாதீர்.
எண்ணெயை நாள் தவறாமல் மாற்றும்.
ரசீதுகளை எறியாதீர்.
உள்ளே சிகரெட் வேண்டாம்.
நாயை ஏற்றினால் ஒரு துணியாவது விரியும்.

எப்போதாவது, ஒரு ஞாயிறு விடிகாலை,
ரோட்டில் யாருமில்லாதபோது
ஒருமுறை முழுக்க மிதித்துப் பாரும்.
அதை நான் குறை சொல்ல மாட்டேன்.