மூன்றாம் எதிரி

பண்ருட்டிப் பலா ஏற்றிய லாரி.
ஆல்பேட்டை சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள்.
பழத்துக்கு அடியில் இருபத்திரண்டு கிலோ.

நீங்கள் லாரியில் இல்லை, கலியபெருமாள்.
முதுநகரில் உங்கள் வீட்டில் படுத்திருந்தீர்கள்.
ஆனாலும் குற்றப்பத்திரிகையில்
மூன்றாவதாக உங்கள் பெயர்.
கூட்டுச் சதி.
ஆதாரம்: பதினொரு போன் அழைப்புகள்.

எத்தனை நொடி என்று இருக்கிறது,
என்ன பேசினீர்கள் என்று இல்லை.
அந்த 'இல்லை'யில்தான்
ஆறு மாதமாகக் குடியிருக்கிறேன்.

மகஜரில் கையெழுத்துப் போட்ட டீக்கடைக்காரர்
இதே ஸ்டேஷனின் நாலு வழக்கில் சாட்சி.
மாதிரிப் பொட்டலம் சாவடியில் இருபத்தைந்து கிராம்,
ஆய்வகத்தில் பத்தொன்பது.
ஈரம் காய்ந்துவிட்டது என்பார்கள்.
உலர்ந்த சரக்கு என்று எழுதியது யார் என்பேன்.
இடையில் பதினேழு நாள்
அரக்கு முத்திரை எவர் மேஜையில் இருந்தது?

கேப்பர் மலை ஜெயில்.
கம்பிவலைக்கு அந்தப் பக்கம்
நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தீர்கள்.
ஒன்பதாவது அழைப்பு,
இரவு இரண்டு பத்து, நாலு நிமிடம்.
பலாவுக்கு விலை பேசுகிற நேரமா அது?

நான் கேட்கவில்லை.
நீங்களும் வாயெடுத்து, பிறகு
பிள்ளையின் பள்ளிக்கூட ஃபீஸ் பற்றிப் பேசினீர்கள்.
பலா அறுக்குமுன் கையில் எண்ணெய் தடவுவோமே,
அப்படித்தான் சில கேள்விகளைக்
கேட்காமல் விடுகிறேன்.

வாசலில் தையல்நாயகி நின்றிருந்தார்,
வெயிலில், செருப்பைக் கையில் பிடித்தபடி; வார் அறுந்திருந்தது.
"அவரு செய்யலதானேம்மா?"

"அவங்கதான் நிரூபிக்கணும்" என்றேன்.

சட்டப்படி சரியான பதில்.
அவர் கேட்டது அதை அல்ல.