மின்வெட்டு நேரக் குறிப்பேடு

ஜேக்கப்ஸ் தொழிற்பேட்டையில்
அந்தத் திங்கட்கிழமை
பூட்டு மட்டும் புதிதாக இருந்தது.
உள்ளே நாற்பத்தோரு தையல் மெஷின்,
ஒரு கம்ப்யூட்டர்,
அதற்குள் எங்கள் எல்லோருடைய ஒரு வருடம்.

முதலாளி டெரன்ஸ் செட்டி போனை எடுக்கவில்லை.
ஏப்ரல் போனது, மே போனது,
ஐஆர்பி ஃபைவ் வரவில்லை.
வாட்ஸ்அப்பில் இரண்டு நீலக் கோடு வந்தது.
அவர் பார்த்துவிட்டார் என்பதற்கு அத்தாட்சி.
வேறு எதற்கும் அத்தாட்சி இல்லை.

ஞாயிறு காலை சாட்ஸ்வொர்த்தில்
என் வீட்டு கேட்டுக்கு வெளியே சிபோங்கிலே.
அவள் பின்னால் ஃபரீதா,
கட்டிங் மேசை பாலராம், இன்னும் ஏழெட்டுப் பேர்.
சம்பளச் சீட்டு போட்டவள் நீதானே,
ஃபாரத்தையும் நீயே கொடு.

டீ கொடுத்தேன்.

வெள்ளிதோறும் கழித்தவள் நான்.
வரிக் கட்டத்தில் இவ்வளவு,
வேலையில்லாதவர் நிதிக்கு நூற்றுக்கு ஒன்று.
கழித்தலில் கெட்டிக்காரி என்று
செட்டியே சொல்லியிருக்கிறார்.
கழித்த பணம் எங்கே போய்ச் சேர்ந்தது என்று
கேட்க அந்தத் திரையில் கட்டம் இல்லை.
இருந்திருந்தால் கேட்டிருப்பேனா?
மகனுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட வேண்டியிருந்தது.

வரி அலுவலகத்தில் லுங்கெலோ என்ற பையன்,
கழுத்துப்பட்டை கொஞ்சம் பெரியது.
ஃபாரம் வரவில்லை என்பதால்
வருமானம் வரவில்லை என்று ஆகாது, மா.
சம்பளச் சீட்டு கொண்டு வாருங்கள்,
பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டு வாருங்கள்,
முதலாளியிடம் கேட்டுக் கேட்டு அலைந்ததை
போலீஸ் ஸ்டேஷனில் சத்தியம் செய்து
எழுதி வாருங்கள்.
சரி, அந்தக் கம்பெனியில்
சம்பளக் கணக்கு யார் பார்த்தது?

நான், என்றேன்.
அவன் பேனா நின்றது.
பிறகு மெதுவாக, வேறெங்கோ எழுதியது.

என் சீட்டுகளைத் தேடினேன்.
பருப்பு டப்பாவில் இரண்டு,
ஃப்ரிட்ஜின் ஆடும் காலுக்கு அடியில் மடித்து ஒன்று,
ஒன்றின் முதுகில் யாருடைய ரவிக்கை அளவோ,
மார்பு முப்பத்தெட்டு, கை ஆறரை.
பன்னிரண்டில் ஒன்பது கிடைத்தது.
மற்ற மூன்று மாதத்துக்கு
பேங்க்கில் வந்து விழுந்தது தெரியும்,
வருவதற்கு முன் என்ன இருந்தது என்று
பேங்க்குக்குத் தெரியாது.

அப்போதுதான் அந்த நோட்டு.
நான்காம் கட்ட மின்வெட்டு நாட்களில்
கம்ப்யூட்டர் செத்துக் கிடக்க
மெழுகுவத்தி வைத்துக் கையால் எழுதியது.
மணி, பீஸ், மொத்தம், பிடித்தம், மீதி.
மின்சாரம் வந்ததும் ஏற்றிவிட்டுக்
கிழித்துப் போடு என்றார் செட்டி.
மறந்துபோய்ச் சாப்பாட்டுப் பையில் கிடந்தது,
மீன் குழம்பு வாசனையோடு.

காவல் நிலையத்தில் எனக்கு முன்னால்
செல்போன் தொலைத்தவன்.
எனக்குப் பின்னால்
ஒரு கண் வீங்கிய பெண், கைக்குழந்தையோடு.
கான்ஸ்டபிள் நிமிராமல் மூன்று கேள்வி கேட்டார்.
இதில் எழுதியிருப்பது புரிகிறதா?
புரிகிறது.
சத்தியம் செய்ய ஆட்சேபம் உண்டா?
இல்லை.
இந்தச் சத்தியம் உன் மனசாட்சியைக் கட்டுமா?

வரிசை காத்திருந்தது.
குழந்தை தும்மியது.
கட்டும், என்றேன்.
முத்திரை கொஞ்சம் சாய்ந்து விழுந்தது.

என் கணக்கை அன்றிரவே அனுப்பினேன்.
பரிசீலனையில் இருக்கிறது என்கிறது திரை,
இன்றைக்கும்.

மற்றவர்களுக்கு
நோட்டிலிருந்து ஆளுக்கொரு தாள் எழுதினேன்.
மூன்று மாதம்தான். ஃபாரம் அல்ல,
தொடங்க ஒரு நுனி.
மெழுகு சொட்டிய இடங்களில்
எண்ணைச் சுரண்டிப் படிக்க வேண்டியிருந்தது.

சிபோங்கிலே தன் தாளை
கேட்டருகே நின்றபடியே வாசித்தாள்,
விரலால், வரி வரியாக.
ஜூலையில் விரல் நின்றது.
இங்கே பதினோரு ரேண்ட்
இரண்டு தடவை கழித்திருக்கிறாய்.

குனிந்து பார்த்தேன்.
ஆமாம்.
பன்னிரண்டு வருடத்தில்
என் கழித்தலை ஒருவர் சரிபார்ப்பது
அதுதான் முதல் தடவை.
உள்ளே போய்ப் பர்ஸை எடுத்து வந்தேன்.
பத்து ரேண்ட் நோட்டு இருந்தது.
ஒரு ரேண்டுக்குச் சில்லறை
தேடிக்கொண்டிருந்தோம் இருவரும்.