கொள்ளாம்

பாறசாலையில் வாங்கினேன்,
ரீலும் சேர்த்து எண்ணூற்று எழுபது.
கறுப்புக் கோல். பிடியில் சிவப்பாய் ஒரு சுறா,
சுறாவுக்குக் கீழே
எந்த மொழியென்று தெரியாத எழுத்து.
"கொள்ளாமா?" என்றேன்.
"கொள்ளாம்" என்றார் ஷாநவாஸ்
கல்லாவைத் திறந்தபடி.
எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்
அதே சொல்தான்.
விற்பவர் வாயில் ஓர் எடை,
வாங்குபவன் காதில் வேறு.

எடைதான் என் பிழைப்பு.
களியக்காவிளை கூட்டுறவு வங்கியில்
நகை உரசிப் பார்ப்பவன்.
கல்லில் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு சொட்டு அமிலம்;
நிறம் நின்றால் தேறும்,
கரைந்தால் தேறாது.
தூண்டிலுக்கு ஏது உரைகல்?

தெரிந்த வகையில் பார்த்தேன்.
ஃபேன் கொக்கியில் நுனியை மாட்டி வளைத்தேன்,
முனகியது, முறியவில்லை.
வளையம் வளையமாகப் பஞ்சை விட்டு இழுத்தேன்.
மூன்றாவது வளையம்
பஞ்சில் கொஞ்சம் கடித்து வைத்துக்கொண்டது.
தங்கூஸ் அறுந்தால் இங்கேதான் அறும்.
ரீலின் கைப்பிடி பால்பல்லாய் ஆடியது.
ஜெசிந்தா எட்டிப் பார்த்து
"அடகுக்கு வந்ததா?" என்றாள்.

ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்து நீரோடி.
கடல் அரிக்காமலிருக்க அரசாங்கம் போட்ட கற்குவியலுக்குப் பெயர்
தூண்டில் வளைவு.
எத்தனை கோடித் தூண்டிலோ!
அதன்மேல் உட்கார்ந்து
என் எண்ணூற்று எழுபதை வீசினேன்.

பக்கத்துப் பாறையில் வின்சிலாஸ்.
மஸ்கட் கோல், பதினான்காயிரம்.
உறையிலிருந்து உருவும்போது
கைக்குழந்தைக்குக் கழுத்தைத் தாங்குவதுபோல் தாங்குவார்.
அவர் வீச்சு எழுபது மீட்டர்,
என்னுடையது நாற்பது.
நடுவே கிடக்கும் முப்பது மீட்டர் கடல்
மீட்டருக்கு நானூற்று முப்பத்தெட்டு ரூபாய்.
தொழில்புத்தி, விடாது.
மீன் எந்த மீட்டரில் நிற்குமென்று
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரண்டு மணிநேரத்தில் ஒரு பேத்தை,
கோபத்தில் ஊதிக்கொண்டு வந்தது.
அவிழ்த்து விட்டேன்.

பிறகு
கோல் வளைந்தது.
ஃபேன் கொக்கிக்குக் காட்டாத வளைவு,
நுனி தண்ணீரைத் தொட்டுத் தொட்டு எழுந்தது.
முறியும், இதோ முறியும் என்று
பல்லைக் கடித்துக்கொண்டிருக்கையில்
ரீல் கறகறவென்றது.
கைப்பிடி என் கையோடு வந்துவிட்டது,
ரீலை விட்டு.

கோலைத் தொடையிடுக்கில் செருகி
தங்கூஸை வெறுங்கையால் இழுத்தேன்.
மேலே வலை உதறிக்கொண்டிருந்தவர்
"இதுக்கு எதுக்கு சார் கம்பு?" என்றார்.

கொடுவா. இரண்டேகால் கிலோ.
காளாஞ்சி என்றான் ஒரு பொழியூர்ப் பையன்.
இரண்டு பெயருக்கும் வாயைத் திறந்தது அது.
கோல் முறியவில்லை.
மூன்றாம் வளையத்திலும் ஒன்றும் அறவில்லை;
அறுந்தது என் சுட்டுவிரல்தான்.

திங்கள். பிளாஸ்திரி விரலோடு கவுண்டரில்.
ஒரு பெண் இரண்டு வளையல் நீட்டினாள்,
மேலே தங்கம், உள்ளே அரக்கு.
அரக்கைக் கழித்து, செம்பைக் கழித்து
மிச்சத்தைச் சொன்னேன்.
"ஸ்கூல் ஃபீஸ் வரைக்கும் தாங்கினாப் போதும் சார்"
என்று கையெழுத்துப் போட்டாள்.

மாலையில் மறுபடி பாறசாலை.
"கைப்பிடி மட்டும் கிடைக்குமா?"
"தனியா வராது, செட்டாத்தான்."
ஆறு கோல்களை உறை பிரித்து
வளையம் வளையமாகப் பஞ்சை விட்டேன்.
ஷாநவாஸ் ஒரு தேநீர் முழுக்கக் குடித்து முடித்தார்.
ஐந்தாவது கோல் எதையும் கடிக்கவில்லை.
இருபது ரூபாய் குறைத்தார்.

பேருந்தில் இரண்டு கால்களுக்கிடையே நிறுத்தியிருந்தேன்.
பக்கத்தில் உட்கார்ந்தவர் சுறாவைத் தடவிப் பார்த்தார்.
"கொள்ளாமா?"

"இரண்டு வாங்கினா
ஒண்ணு கொள்ளாம்" என்றேன்.

யோசித்தார்.
செறுவாரக்கோணம் தாண்டும்போது
கடை எந்தப் பக்கம் என்று கேட்டார்.